பைபாஸ், கேன்சர் ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடியும் ஓடலாமா? எப்போது, எப்படி, எவ்வளவு? - முழு விளக்கம்

தையல் காய்ந்துவிட்டது. டிஸ்சார்ஜ் சம்மரி பீரோவுக்குள் போய்விட்டது. மாத்திரை டப்பா மட்டும் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறது. முன்பு தினமும் காலையில் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று ஓடியவருக்கு இந்த நேரத்தில் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இனிமே ஓட முடியுமா?

சங்கரன்கோவில் மாதிரியான ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம். 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆன பிறகும், நெஞ்சைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோதான் போக வேண்டும். ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியதும், "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்ற ஒரு வரியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ஆலோசனை வேறு: "என்ன அண்ணாச்சி, ஆபரேஷன் பண்ணின உடம்பு... எதுக்கு இந்த ஓட்டம்?"

மருத்துவம் என்ன சொல்கிறது? ஓடலாமா, கூடாதா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முழு ஓய்வு நல்லதுதானே?

இல்லை. ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். அந்தப் பழக்கத்தை மாற்றியதில் 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

20 வயதுள்ள ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. அதே 5 பேரை 30 வருடம் கழித்து மறுபடியும் சோதித்தபோது இன்னொரு ஆச்சரியம். 30 வருட வயது கூடியதால் குறைந்த திறனைவிட, அந்த 3 வாரப் படுக்கையில் குறைந்த திறன்தான் அதிகம். 50 வயதைத் தாண்டிய அவர்களுக்கு 6 மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், வயதால் இழந்த திறன் திரும்பி வந்தது.

அதனால்தான் இப்போது பைபாஸ் முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ நோயாளியை எழுந்து உட்கார வைத்து, வார்டுக்குள்ளேயே நடக்க விடுகிறார்கள். நடை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஓட்டம் அதன் தொடர்ச்சி. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அவசரப்பட்டுத் தாண்டக் கூடாது. அதுதான் முக்கியம்.

நிஜமாகவே திரும்பி வந்து ஓடியவர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் மா.சுப்பிரமணியன். சென்னை மேயராக இருந்தவர், 2021-இல் சுகாதாரத்துறை அமைச்சரானவர். சாலை விபத்தில் முழங்காலில் பலத்த காயம் பட்டவர், சர்க்கரை நோயும் உண்டு. 50 வயதைத் தாண்டிய பிறகே நீண்ட தூர ஓட்டத்துக்கு வந்தார். அதன்பின் 100-க்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்திருக்கிறார். அரை மாரத்தான் என்றால் 21 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம்.

உலக அளவில் பார்த்தால், 1973-இல் கனடாவின் டொரன்டோ நகரில் இதய மறுவாழ்வு மையம் நடத்திய டாக்டர் டெரன்ஸ் கவனா, மாரடைப்பிலிருந்து மீண்ட நோயாளிகளைப் பயிற்சி கொடுத்து பாஸ்டன் மாரத்தானுக்கே அழைத்துப் போனார். நியூயார்க் மாரத்தானை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃப்ரெட் லெபோவுக்கு 1990-இல் மூளையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பிறகு 1992-இல் அதே மாரத்தானை அவர் ஓடி முடித்தார். எடுத்துக்கொண்ட நேரம் ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். அந்தப் போட்டியை 9 முறை வென்ற நார்வே வீராங்கனை கிரேட் வெயிட்ஸ், கடைசி வரை அவருடைய வேகத்துக்கே தன் வேகத்தைக் குறைத்து கூடவே ஓடினார்.

பிரிட்டன் சாகசப் பயணி ரனுல்ஃப் ஃபைன்ஸ் 2003-இல் மாரடைப்பு வந்து பைபாஸ் செய்துகொண்ட 4 மாதத்தில் 7 நாளில் 7 மாரத்தான் ஓடினார். இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். வாழ்நாள் முழுக்க உடம்பைப் பழக்கி வைத்திருந்த ஒருவரின் விதிவிலக்கான கதை அது.

இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களை ஓட வைத்த எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸ், 1984-இல் தன் 52-வது வயதில் ஓடும்போதே மாரடைப்பில் இறந்தார். உடற்கூறு ஆய்வில் இதய ரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்பு இருந்தது தெரியவந்தது. அவருடைய அப்பாவும் 43 வயதிலேயே மாரடைப்பில் இறந்தவர். ஓட்டம் இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் உள்ளே இருக்கும் அடைப்பை ஓட்டம் மட்டுமே சரிசெய்துவிடாது.

எந்த ஆபரேஷனுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

இவை பொதுவான கணக்குகள்தான். உங்கள் உடம்புக்கான தேதியை ஆபரேஷன் செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பைபாஸ், வால்வு ஆபரேஷன்: நெஞ்செலும்பை அறுத்துத் திறந்து, பிறகு கம்பி போட்டு இணைக்கிறார்கள். எலும்பு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம், முழு உறுதி வர சுமார் 3 மாதம் ஆகும். அதுவரை ஓட்டம் வேண்டாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரன் பேத்தி யாரையும் தூக்கவும் கூடாது. நடக்கலாம்.

ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட்: மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் சில நாளிலேயே நடை ஆரம்பிக்கலாம். ஓட்டத்துக்கு முன் டெஸ்ட் அவசியம். மாரடைப்பு வந்து, அதற்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இன்னும் கூடுதல் அவகாசம் தேவை.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன்: பெருங்குடல், கர்ப்பப்பை, சிறுநீரகம் போன்றவை. வெளித்தையல் 2 வாரத்தில் காய்ந்துவிடும். உள்ளே தசைச் சுவர் உறுதியாக 6 முதல் 8 வாரமாவது ஆகும். அதற்குள் குதித்து ஓடினால் தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் வர வாய்ப்பு உண்டு. லேப்ராஸ்கோபி என்றால் காத்திருப்பு குறைவு.

இதயத் தசை அழற்சி: ஆபரேஷன் இல்லை என்றாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். கொரோனா உட்பட வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இதயத் தசையில் அழற்சி வரலாம். பொதுவாக 3 முதல் 6 மாதம் கடுமையான பயிற்சி எதுவும் கூடாது. காய்ச்சலோடு ஓடுவதும் கூடாது.

ஓடுவதற்கு முன்னால் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

இதய நோயாளிகளுக்கு ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் மூன்றும் அடிப்படை. எக்கோவில் இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்று தெரியும். டிரெட்மில் டெஸ்ட்டில், வேகம் கூடும்போது இதயத்துக்கு ரத்தம் குறைகிறதா, துடிப்பு தாறுமாறாகிறதா என்று தெரியும். எந்த அளவு வரை பாதுகாப்பாக மூச்சு வாங்கலாம் என்ற எல்லையையும் இதை வைத்தே டாக்டர் சொல்வார்.

கேன்சர் சிகிச்சை முடித்தவர்களுக்கு ஹீமோகுளோபின் முக்கியம். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. ரொம்பக் குறைவாக இருந்தால் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்; ஓட்டம் அப்புறம்தான். சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பாதிக்கக்கூடியவை என்பதால் எக்கோ எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கீமோவால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் கால் இடறும் ஆபத்து அதிகம். புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தால் டாக்டர் அனுமதி இல்லாமல் ஓடவே கூடாது. எலும்பு முறியலாம்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் துடிப்பை நம்பலாமா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்தான் அதிகபட்ச இதயத் துடிப்பு என்று மொபைலில் படித்திருப்பீர்கள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. இந்த மாத்திரைகள் துடிப்பைக் குறைத்தே வைக்கும். உடம்பு முழுசாகத் திணறிக்கொண்டிருக்கும்போதும் வாட்ச் "இன்னும் ஓடு" என்கிற மாதிரி 110 காட்டலாம்.

இதைவிட நம்பகமான வழி, பேச்சுச் சோதனை. ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உடனே நடைக்கு மாறுங்கள்.

மற்ற மாத்திரைகளையும் கவனிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்கள் கீழே விழுந்தால் ரத்தக் கசிவு அதிகமாகும். தலையில் அடிபட்டால் சின்ன அடியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று ஸ்டென்ட் வைத்தவர் இந்த மாத்திரையைத் தானாக நிறுத்துவது ஓட்டத்தைவிடப் பெரிய ஆபத்து. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் பாக்கெட்டில் குளுக்கோஸோ மிட்டாயோ இல்லாமல் கிளம்பக் கூடாது.

சரி, எப்படி ஆரம்பிப்பது?

டாக்டர் ஓகே சொன்ன பிறகு இப்படிப் படிப்படியாகப் போகலாம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது 2 வாரம் இருங்கள். சிரமமாக இருந்தால் முந்தைய படிக்கே திரும்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

1-வது படி: சமதளத்தில் 10 நிமிட நடை, காலையும் மாலையும். மெல்ல மெல்ல ஒரே மூச்சில் 30 நிமிடம் வரை.

2-வது படி: 30 நிமிட வேக நடை, வாரத்தில் 5 நாள். மூச்சு வாங்காமல் இதைச் செய்ய முடிந்தால்தான் அடுத்த படி.

3-வது படி: 4 நிமிட நடை, 1 நிமிட மெது ஓட்டம். இப்படி 5 முறை. வாரத்தில் 3 நாள் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

4-வது படி: 3 நிமிட நடை, 2 நிமிட ஓட்டம். பிறகு 2 நிமிட நடை, 3 நிமிட ஓட்டம்.

5-வது படி: 20 முதல் 30 நிமிடம் நிற்காமல் மெது ஓட்டம். வேகம் பார்க்க வேண்டாம்.

எல்லா நாளும் முதல் 10 நிமிடமும் கடைசி 10 நிமிடமும் நடைதான். ஓடி முடித்ததும் டக்கென்று நின்றாலோ உட்கார்ந்தாலோ ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும்.

இந்தக் கணக்குப்படி 5 கிலோமீட்டரைத் தொடவே 3 முதல் 4 மாதம் ஆகும். 10 கிலோமீட்டருக்கு இன்னும் சில மாதங்கள். அரை மாரத்தான் என்பது ஒரு வருடத்துக்குப் பிறகு யோசிக்க வேண்டியது. தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது; முதலில் தூரம், வேகம் பிறகு. பழைய டைமிங்கை மறந்துவிட்டு, ஆபரேஷனுக்குப் பிறகான முதல் நாளிலிருந்து புதுக் கணக்கு எழுதுவது நல்லது.

சங்கரன்கோவிலில் ஓடுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் விஷயம் வெயில். மார்ச் முதல் ஜூன் வரை காலை 7 மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது. சிறுநீர் போகச் செய்யும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். மோர், உப்பு போட்ட கஞ்சித் தண்ணீர் எல்லோருக்கும் பொதுவாக நல்லது. ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் தண்ணீர், உப்பு இரண்டுக்கும் டாக்டர் அளவு சொல்லியிருப்பார். அதைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது, காற்று. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இந்தப் பக்கம் மழை அதிகம் எட்டாது, காற்றுதான் வீசித் தள்ளும். எதிர்காற்றில் அதே வேகத்தில் ஓட இதயம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். அந்த நாட்களில் தூரத்தைக் குறையுங்கள்.

மூன்றாவது, ஆடிச்சுற்று. ஆடித்தபசு கொடியேறியதும் சங்கரநாராயணர் கோயிலை பக்தர்கள் 101, 108 என்று சுற்றி வருவது இந்த ஊர் வழக்கம். இதுவும் ஒருவகையில் நீண்ட தூரப் பயிற்சிதான். சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் பல நாட்களாகப் பிரித்துச் சுற்றலாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் சுற்றும்போது சூடும் கல்லும் தெரியாமல் புண் வரலாம். வெயிலுக்கு முன்பே சுற்றி, வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

விசைத்தறியில் நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 8 மணி நேரம் நிற்பதும் உடம்புக்கு உழைப்புதான். ஷிப்ட் முடிந்த களைப்போடு ஓட வேண்டாம். இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் ஓடுவதைவிடப் பள்ளி மைதானம் பாதுகாப்பு. தனியாகப் போகாமல் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். செல்போனும், மாத்திரைப் பட்டியல் எழுதிய சீட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும்.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

- நெஞ்சில் இறுக்கம், பாரம். கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி
- காரணமில்லாமல் குளிர்ந்த வியர்வை, குமட்டல்
- தலைசுற்றல், கண் இருட்டுவது, மயக்கம்
- துடிப்பு விட்டு விட்டு அடிப்பது
- நின்ற பிறகும் அடங்காத மூச்சு வாங்கல்
- நெஞ்செலும்பில் "கிளிக்" என்ற அசைவு. தையல் இடத்தில் சிவப்பு, சீழ்
- ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீக்கம், வலி. இது ரத்தக்கட்டியாக இருக்கலாம்
- சில நாளில் 2 கிலோ எடை கூடுவது, கால் வீக்கம்

நெஞ்சு வலியை "கேஸ்" என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

ஓடும்போதே உயிர் போகும் ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய சுமார் 1.09 கோடி பேரை வைத்து நடந்த ஆய்வில், 59 பேருக்குத்தான் இதயம் நின்றது. அதாவது 1.84 லட்சம் பேருக்கு ஒருவர். பிழைத்தவர்களுக்குப் பெரிதும் உதவியது, பக்கத்தில் இருந்தவர்கள் உடனே நெஞ்சை அழுத்திக் கொடுத்த முதலுதவி. உங்களோடு ஓட வருபவர் அதைக் கற்றுக்கொண்டிருந்தால் ரொம்ப நல்லது. இது எல்லா ஓட்டக்காரர்களுக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கானது அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

யாரெல்லாம் ஓடாமல் இருப்பதே நல்லது?

இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய், பெருந்தமனி வீக்கம், கடுமையான வால்வு சுருக்கம், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் டாக்டர் தெளிவாக அனுமதிக்காமல் ஓடக் கூடாது. இவர்களில் சிலருக்கு ஓட்டம் முற்றிலும் முடிந்துபோன விஷயமாகவே இருக்கலாம். ஓடிப் பழகியவருக்கு இது பெரிய இழப்புதான். ஆனால் நடையும் சைக்கிளும் பலருக்கு மிச்சம் இருக்கும். இதய மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தவர்களிடம் இதய நோயால் வரும் இறப்பு சுமார் கால் பங்கு குறைந்ததாக ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அந்தப் பயிற்சியில் பெரும்பாலும் இருப்பது நடையும் சைக்கிளும்தான்.

கேன்சருக்குப் பிறகு ஓடினால் பலன் உண்டா?

2025-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு 3 வருடம் பயிற்சியாளர் துணையோடு உடற்பயிற்சி. இன்னொரு குழுவுக்கு ஆலோசனைப் புத்தகம் மட்டும். 5 வருடம் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், மற்றதில் 73.9 சதவீதம். 8 வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், 83.2 சதவீதம்.

இதில் கவனிக்க வேண்டியது: பயிற்சி என்றால் எல்லோரும் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. வேக நடையே பலருக்குப் போதுமானதாக இருந்தது. மூட்டு, தசை வலி பயிற்சிக் குழுவில்தான் அதிகம் என்பதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது.

பயம் போக என்ன செய்வது?

ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சின்னதாய் ஒரு குத்தல் வந்தாலே "மறுபடியுமா?" என்று பதறுவது இயல்பு. தூக்கம் வராமல், எதிலும் ஆர்வம் இல்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதுவும் சிகிச்சையின் பகுதிதான். டிரெட்மில் டெஸ்ட் எடுக்கும்போது மனைவியையோ மகனையோ கூட்டிப் போய் ரிசல்ட்டை டாக்டரிடமே கேட்க வைத்தால், வீட்டில் இருப்பவர்களின் பயமும் குறையும்.

உதவி எங்கே கிடைக்கும்?

பெரிய மறுவாழ்வு மையம் பக்கத்தில் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டில் இருந்தபடி, டாக்டர் கண்காணிப்பில் செய்யும் இதய மறுவாழ்வுப் பயிற்சி, மையத்துக்குப் போய்ச் செய்வதற்கு இணையான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்க்க சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையை அணுகலாம். எக்கோ, டிரெட்மில் டெஸ்ட்டுக்கு எங்கே போக வேண்டும் என்பதை ஆபரேஷன் நடந்த மருத்துவமனையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் வசதியும் உண்டு. சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

அடுத்த முறை செக்கப் போகும்போது டாக்டரிடம் இந்த 4 கேள்விகளைக் கேளுங்கள். நான் எந்தத் தேதியிலிருந்து மெதுவாக ஓடலாம்? என் துடிப்பு எவ்வளவு வரை போகலாம்? என் மாத்திரைகளில் எது ஓட்டத்தைப் பாதிக்கும்? அடுத்த டெஸ்ட் எப்போது? பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியின் பின்பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.